நான் கூட வர்றேன்



நம் கூட்டமைப்புக்கு 25 வருசம் ஆகிறது. மலர் போடுகிறோம், நீங்களும் ஒரு கட்டுரை கொடுங்க என்று புது நிர்வாகிகள் கேட்டார்கள். சேமிப்பு எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு, எத்தனை கறவை மாடு வாங்கினோம் என்ற கணக்கையெல்லாம் மத்தவங்க எழுதிட்டாங்க. எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறாத ஒரு வேலையைப் பற்றி நான் எழுதுகிறேன். பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கு ஊர் என்ன செய்தது, சட்டம் என்ன செய்தது, நாம் என்ன செய்தோம் என்கிற வரலாறு இது. இதில் நம் பெருமையும் இருக்கிறது, என் தப்பும் இருக்கிறது.

ஒன்றை முதலில் சொல்லிடறேன். இதில் வரும் பெண்கள் யாருக்கும் பேர் போடவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் பேரையோ, அவள் யாரென்று தெரியும்படியான விவரத்தையோ வெளியிடுவது சட்டப்படி குற்றம். நம் ஊர்ச் சம்பவங்களில் இடத்தையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பின்னால் வரும் பெண்ணிடம் கேட்டு, "எழுதுங்கக்கா" என்று அவள் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். "அவளா இருக்குமோ, இவளா இருக்குமோ" என்று யாரும் யோசிக்க வேண்டாம்.

பேசி முடித்த ராத்திரி

1989-ல் சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் முதலில் ஆரம்பமானது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். இது உங்களுக்கெல்லாம் தெரியும். நான் குழுவில் சேர்ந்தது 1996-ல். கையெழுத்துப் போடவே குழுவில்தான் கற்றுக்கொண்டேன். அப்புறம் ஊக்குநர் ஆனேன். நாலு பேர் மதிக்கிற ஆளாகிட்டேன் என்று மனசுக்குள்ளே ஒரு பெருமை.

2001-ல் ஒரு நாள் ராத்திரி ஊர்க் கூட்டத்துக்குக் கூப்பிட்டு விட்டார்கள். எங்கள் குழு உறுப்பினர் ஒருத்தியின் மகள், 15 வயசுப் பிள்ளை. கடலைக் காட்டுக்குப் போன இடத்தில் அவளுக்கு நடந்தது ஊருக்கே தெரிந்துவிட்டது. பையனும் எங்கள் ஊர்தான், வசதியான வீடு. பெரியவர்கள் பேசினார்கள். "போலீசுன்னு போனா பிள்ளைக்குத்தான் அசிங்கம். நாளைக்கு யார் கட்டுவான்?" என்றார்கள். ஒரு தொகை சொன்னார்கள். கிடைத்த ஒரு தாளில் எழுதினார்கள். "பொம்பளைங்க தரப்பிலும் ஒரு கையெழுத்து இருக்கட்டும்" என்று என்னிடம் நீட்டினார்கள்.

குழுவில் கற்றுக்கொண்ட அதே கையெழுத்தை அந்தத் தாளில் நான் போட்டேன்.

அந்தப் பிள்ளையை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. உடம்பு எப்படி இருக்கு கண்ணு என்றுகூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆறு மாசத்தில் அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. பையன் ஊரிலேயே இருந்தான். அவன் கல்யாணத்துக்கு நானும் மொய் வைத்துவிட்டு வந்தேன். நல்லது செய்து பிரச்சினையை முடிச்சிட்டோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

சட்டமும் அன்றைக்கு நம் பக்கம் இல்லை

அந்தக் காலத்தில் போலீசுக்குப் போயிருந்தால் மட்டும் நியாயம் கிடைத்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பின்னாளில் பயிற்சிகளில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

1972-ல் மகாராஷ்டிராவில் ஒரு பழங்குடிச் சிறுமியைப் போலீஸ் நிலையத்துக்குள்ளேயே போலீஸ்காரர்கள் கெடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-ல் அந்தப் போலீஸ்காரர்களை விட்டுவிட்டார்கள். அவள் உடம்பில் காயம் இல்லை, அவள் எதிர்த்துப் போராடியதாகத் தெரியவில்லை என்பது தீர்ப்பில் சொன்ன காரணம். காவல் நிலையத்தில், ராத்திரி நேரத்தில், ஒரு சின்னப் பிள்ளை யாரை எதிர்த்துப் போராடும்? 1979-ல் உபேந்திர பக்சி, லோதிகா சர்க்கார் உட்பட நாலு சட்டப் பேராசிரியர்கள் உச்ச நீதிமன்றத்துக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் மாறியது. காவலில் இருக்கும் பெண் "நான் சம்மதிக்கவில்லை" என்று சொன்னால் கோர்ட் அதை ஏற்றுத்தான் தொடங்க வேண்டும் என்றானது. பெண்ணின் பேரை வெளியிடக் கூடாது, விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான்.

1992-ல் ராஜஸ்தானில் நம்மைப் போலவே கிராமத்தில் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெண், குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டுப் பலாத்காரம் செய்யப்பட்டாள். கீழ் கோர்ட்டில் அவளுக்கு நியாயம் கிடைக்கவில்லை. ஆனால் அவளுக்காகப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் 1997-ல் விசாகா தீர்ப்பு வந்தது. இன்றைக்கு வேலை செய்கிற இடங்களில் புகார்க் குழு இருக்கிறது என்றால் அந்தக் கிராமத்துப் பெண்ணால்தான்.

வாச்சாத்தி

இவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்திலேயே, அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். பிறகு அந்த ஊர்ப் பெண்களையே கைது செய்து ஜெயிலில் அடைத்தார்கள்.

காப்பாற்ற வேண்டிய மூன்று துறைகளும் சேர்ந்து செய்த குற்றம் அது. அந்தப் பெண்கள் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்கள்? மலைவாழ் மக்கள் சங்கமும், மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும், மாதர் சங்கமும், வக்கீல்களும் கூட நின்றார்கள். 1995-ல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 19 வருசம் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி கோர்ட்டில் தீர்ப்பு வந்தபோது அதில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி. அதில் 17 பேர் மீது பலாத்காரக் குற்றம் நிரூபணமானது. 2023-ல், அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

2011-ல் அந்தச் செய்தி வந்த நாள் எனக்கு நல்லா நினைவிருக்கு. பஸ்ஸில் ஒருத்தர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படிக்காத, பணமில்லாத மலைவாழ் பெண்கள், அரசாங்கத்தையே எதிர்த்து, 19 வருசம் கோர்ட்டுக்கு நடந்திருக்காங்க. பத்து வருசத்துக்கு முந்தி நான் ஒரே ராத்திரியில் ஒரு பிள்ளையின் வழக்கை முடித்து வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கையெழுத்து உறுத்த ஆரம்பித்தது.

எல்லாரும் ஒரே இடத்தில்

2012 டிசம்பரில் டெல்லியில் மருத்துவம் சார்ந்த படிப்புப் படித்த ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. நீதிபதி வர்மா குழு ஒரே மாதத்தில், 2013 ஜனவரி 23 அன்று, அறிக்கை கொடுத்தது. அந்த வருசமே சட்டம் மாறியது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரி ஆனாலும் தனியார் ஆஸ்பத்திரி ஆனாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை கொடுக்கணும், மறுத்தால் ஒரு வருசம் வரை ஜெயில் என்று வந்தது. புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் போலீஸ் அதிகாரிக்கும் தண்டனை வந்தது. 18 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 2012 நவம்பரிலேயே போக்சோ சட்டம் அமலுக்கு வந்திருந்தது.

2014-ல் மத்திய சுகாதாரத் துறை டாக்டர்களுக்கு வழிமுறை கொடுத்தது. அதுவரை இரண்டு விரல் பரிசோதனை என்று ஒன்று செய்வார்கள். நடந்த கொடுமைக்கு மேலே இன்னொரு கொடுமை அது. உச்ச நீதிமன்றம் 2013-லேயே அது தப்பு என்றது. 2022-ல் அதைச் செய்கிறவர் மேலேயே நடவடிக்கை வரும் என்று சொல்லிவிட்டது.

ஆனால் சட்டம் தனித்தனியாக எவ்வளவு நல்லா இருந்தாலும், அடிபட்டு வந்த பெண் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை, ஸ்டேஷனுக்கு ஒரு தடவை, கோர்ட்டுக்கு ஒரு தடவை, வக்கீலுக்கு ஒரு தடவை என்று அலைந்து, ஒவ்வொரு இடத்திலும் நடந்ததை முதலில் இருந்து சொன்னால் அவள் பாதி வழியிலேயே விட்டுவிடுவாள். இதைப் பல ஊர்களில் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மெம்பிஸ் என்ற நகரத்தில் 1970-களிலேயே இதற்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற நர்சுகள் வேலையைத் தொடங்கினார்கள். பிறகு அங்கே நர்சு, போலீஸ், வக்கீல், துணை நிற்கும் பெண்கள் எல்லாரும் ஒரு அணியாகச் சேர்ந்து வேலை செய்யும் முறை பரவியது. நம் நாட்டில் 2000-ல் மும்பையில் பாந்த்ரா மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குள்ளேயே 'திலாசா' என்ற ஆலோசனை மையம் வந்தது. 2015 ஏப்ரலில் இருந்து 'சகி' என்கிற ஒருங்கிணைந்த சேவை மையம் மாவட்டம் மாவட்டமாக வந்தது. சிகிச்சைக்கு உதவி, போலீஸ் உதவி, மனநல ஆலோசனை, சட்ட உதவி, சில நாள் தங்க இடம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. 2018 டிசம்பரில் தமிழ்நாட்டில் 181 மகளிர் உதவி எண்ணும் வந்தது.

இதெல்லாம் கலெக்டர் ஆபீசில் நடந்த ஒரு நாள் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது. பிஸ்கட்டும் டீயும் கொடுத்து, ஒரு நோட்டீசும் கொடுத்தார்கள். அந்த நோட்டீசைப் பத்திரமாகத் தீர்மான நோட்டுக்குள் வைத்தேன்.

2019-ல் ஒரு ராத்திரி

மறுபடியும் ராத்திரிதான். பதினொரு மணி இருக்கும். போனில் ஒரு உறுப்பினர், "அக்கா, கொஞ்சம் வாங்க" என்று மட்டும் சொன்னாள். போனால், புருசன் இல்லாமல் ஒற்றைப் பிள்ளையோடு இருக்கும் ஒரு தங்கச்சி மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன நடந்தது, யார் செய்தது என்று கேட்கவில்லை. பயிற்சியில் சொன்ன முதல் பாடம் அது. "உன் மேல தப்பு இல்ல சாமி. நீ எங்க போகணும்னாலும் நான் கூட வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து, "ஆஸ்பத்திரிக்குப் போலாங்கா. போலீசு வேண்டாம்" என்றாள்.

181-க்குப் போன் போட்டோம். ஒரு தங்கச்சி அவள் பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். இன்னொருத்தி மாற்றுத் துணி எடுத்தாள். போட்டிருந்த துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக் கவரில் போடாமல், காகிதப் பையில் வைக்கச் சொன்னார்கள். ரேஷன் கடைப் பை கூட இல்லை, பழைய செய்தித்தாளில் மடித்தோம். அவள் முன்னாடியே குளித்துவிட்டாள். "குளிச்சிட்டேனே, இனிமே பிரயோசனம் இல்லையா?" என்று அழுதாள். குளித்திருந்தாலும் போகலாம், போகணும். அதையும் சொன்னோம்.

ஆஸ்பத்திரியில், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, டியூட்டியில் இருந்தவர் "போலீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார். முன்னாடி என்றால் திரும்பி வந்திருப்போம். நான் தீர்மான நோட்டைத் திறந்து நோட்டீசை எடுத்தேன். "சார், லெட்டர் இல்லாமயே பார்க்கணும்னு சட்டம் சொல்லுது. மறுத்தா ஒரு வருசம்னு போட்டிருக்கு, படிங்க" என்றேன். கை நடுங்கியது, ஆனால் குரல் நடுங்கவில்லை. அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு லேடி டாக்டர் வந்தார்.

அந்த டாக்டரம்மாவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னாடி, "இதைச் செய்யலாமா? வேண்டாம்னா வேண்டாம்" என்று அவளிடம் கேட்டார். கர்ப்பம் தங்காமல் இருக்க மாத்திரை கொடுத்தார். எச்.ஐ.வி. வராமல் தடுக்க 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டிய மாத்திரையும் கொடுத்தார். போலீசுக்குத் தகவல் சொல்வது ஆஸ்பத்திரியின் கடமை, ஆனால் புகார் கொடுக்க இப்போது விருப்பம் இல்லை என்று நீ சொன்னால் அதை எழுதிக்கொள்கிறேன், சிகிச்சை நிற்காது என்றார்.

நான் மனசுக்குள், "புகார் கொடு தாயி, கொடு" என்று தவித்தேன். கூட வந்த சகி மையத்து ஆலோசகர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "அவங்க வாழ்க்கைக்க, அவங்கதான் முடிவு பண்ணணும்" என்றார். 2001-ல் ஒரு பிள்ளைக்காக நான் முடிவெடுத்தேன். இப்போதும் அதையேதான் செய்யப் பார்த்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் காலையில் அவளாகவே, "வாங்கக்கா, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றாள்.

மூன்று வருசத்துக்கு மேல்

மகளிர் காவல் நிலையத்தில் புகார் எழுதினார்கள். மாஜிஸ்திரேட் முன்னாடி வாக்குமூலம் கொடுத்தாள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கொடுத்தார்கள். பெண்களுக்கு வருமானச் சான்று கேட்காமலே அந்த உதவி உண்டு.

கஷ்டம் வெளியில் இருந்து வரவில்லை. நம்மிடம் இருந்துதான் வந்தது. செய்தவன் நம் உறுப்பினர் ஒருத்தியின் நாத்தனார் மகன். "குழுவுக்குக் கடன் கட்டுற குடும்பத்தை ஜெயிலுக்கு அனுப்புறீங்களா?" என்றார்கள். ஒரு குழு உடைந்தது. ஐந்து பேர் சேமிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கூட்டத்தில் என் முகத்துக்கு நேராகவே, "உனக்கென்ன வந்துச்சு?" என்று கேட்டார்கள். அன்றைக்கு முதல் தடவையாக எல்லார் முன்னாடியும் 2001-ல் நான் போட்ட கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரு வயசான அம்மா எழுந்து, "எனக்கும் சின்ன வயசுல நடந்துச்சு. கேக்க ஒருத்தரும் இல்ல. இவளுக்காவது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த மாசக் கூட்டத்தில்தான் நாம் தீர்மானம் போட்டோம்: "இந்த மாதிரி விசயத்தை ஊரில் பேசி முடிக்க நம் கூட்டமைப்பில் யாரும் போகக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது."

குற்றப்பத்திரிகை போட்டு இரண்டு மாதத்தில் முடிந்தவரை விசாரணையை முடிக்கணும் என்று சட்டத்தில் இருந்தது. கொரோனா வந்தது, கோர்ட் மூடியது, வாய்தா மேல வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முறை வைத்து இரண்டு பேர் கூடப் போனோம். ஒருத்தி அவளோடு, ஒருத்தி பிள்ளையோடு. அன்றைய கூலி போகிறது என்பதால் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் மட்டும் கூட்டமைப்பில் இருந்து கொடுத்தோம். விசாரணை மூடிய அறையில் நடந்ததால் நாங்கள் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். அவள் வெளியே வந்ததும் முதலில் எங்களைத்தான் தேடுவாள். மூன்று வருசத்தில் ஒரு வாய்தாவுக்குக்கூட அவள் தனியாகப் போனதில்லை.

2023-ல் தீர்ப்பு வந்தது. அவனுக்குப் பத்து வருசம். அவன் தரப்பு மேல்முறையீடு போயிருக்கிறது, அது நடக்கட்டும். அவள் இன்றைக்கு நம் தையல் யூனிட்டில் வேலை பார்க்கிறாள். போன வருசம் அவள் குழுவில் அவளையே ஊக்குநராகத் தேர்ந்தெடுத்தார்கள். பிரிந்து போன ஐந்து பேரில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை

2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்திருக்கின்றன. பிரிவு எண்கள் மாறியிருக்கலாம், உரிமைகள் போகவில்லை. எந்த ஊர் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாகப் பார்க்கணும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது, ஆனால் நாள் ஆகிவிட்டது என்று போகாமல் இருக்க வேண்டாம்.

பெரிய பெண்ணென்றால் புகார் கொடுப்பது அவள் முடிவு. 18 வயசுக்குக் கீழே என்றால், தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகணும், மறைத்தால் நம் மேலேயே குற்றம். அந்தப் பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க போலீஸ் அவள் வீட்டுக்கோ அவள் விரும்பும் இடத்துக்கோ சீருடை இல்லாமல் வரணும். ஸ்டேஷனில் ராத்திரி உட்கார வைக்கக் கூடாது.

மகளிருக்கு 181. குழந்தைகளுக்கு 1098. இலவசச் சட்ட உதவிக்கு 15100. மூன்றையும் உங்கள் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒன்று

திருப்பூர் போன அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயசு ஆகப் போகிறது. தீர்ப்பு வந்த வருசம் அவள் அம்மாவை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். காலில் விழப் போனேன், அவள் தடுத்துவிட்டாள். "அன்னிக்கு நீ மட்டும் 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் பிடிச்சு நின்னிருப்பேன் அக்கா" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "இருக்கா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதினேன். நாளைக்கு உங்கள் வீட்டுக் கதவையும் ஒருத்தி ராத்திரியில் தட்டலாம். சட்டம் எல்லாம் அப்போது ஞாபகம் வராமல் போகலாம், பரவாயில்லை, போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். முதலில் அவள் பக்கத்தில் உட்காருங்கள். "நான் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் கடைசி வாய்தா வரை போங்கள்.